முதலில் பெர்மிட், பிறகு விமான டிக்கெட்: கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளுக்குப் புறப்படுகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு கணவரோடும் தங்கை குடும்பத்தோடும் கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளுக்குப் போய் வந்ததைக் கேள்விப்பட்டு, பழைய மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வழி கேட்டு வருகிறார்கள். எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சிங்கம், யானை முக்கியமா, கொரில்லாவும் சிம்பன்சியும் முக்கியமா? இரண்டும் வேண்டும் என்றால் எதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள்? இதற்கு வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

சமவெளி மிருகங்களை எந்த நாள் போனாலும் ஜீப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். கொரில்லா அப்படியல்ல. ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேரை மட்டுமே விடுகிறார்கள், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். அந்த 8 இடங்களில் ஒன்று உங்கள் பெயரில், குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட பகுதியில் பதிவாக வேண்டும். அதுதான் பெர்மிட். விமானம், விடுதி, வண்டி எல்லாவற்றையும் அந்தத் தேதியை நடுவில் வைத்து முன்னும் பின்னுமாகக் கோத்துக்கொள்ள வேண்டும். சலுகை விலையில் கிடைக்கிறதே என்று டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுப் பெர்மிட்டுக்கு அலைவது தலைகீழ் வேலை.

மலைக் கொரில்லா உலகத்தில் இரண்டே இடங்களில்தான் வாழ்கிறது. ஒன்று உகாண்டாவின் பிவிண்டி காடு. மற்றொன்று உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்று நாடுகளும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். எந்த மிருகக்காட்சி சாலையிலும் இந்த இனம் கிடையாது. கடைசியாக வந்த கணக்கெடுப்புகளைச் சேர்த்தால் மொத்தம் 1,063. நம் ஊர்த் திருமண மண்டபம் ஒன்றில் கூடும் கூட்டத்தின் அளவுதான் அந்த இனம் முழுவதும். அப்படியும் எண்ணிக்கை ஏறியதால்தான் 2018-இல் மிக அபாய நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கினார்கள். அந்த ஏற்றத்துக்குப் பின்னால் காவலர்கள், கால்நடை மருத்துவர்கள், உள்ளூர்க்காரர்கள் ஆகியோரின் உழைப்போடு சுற்றுலாப் பயணிகள் கட்டும் பெர்மிட் பணமும் இருக்கிறது. அதனால் விலையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள்.

வெளிநாட்டவருக்கு உகாண்டாவில் பெர்மிட் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். ருவாண்டாவில் கிகாலி விமான நிலையத்திலிருந்து எரிமலைப் பூங்காவுக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூட்டு வலி உள்ள பெற்றோரோடு போகிறவர்களுக்கும் விடுப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் அது வசதி. உகாண்டாவின் விமான நிலையம் உள்ள எண்டெபேயிலிருந்து பிவிண்டிக்குத் தரைவழியாக எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். ஆனாலும் நான் உகாண்டாவையே சொல்வேன். ஒரே சாலைப் பயணத்தில் சிம்பன்சி, சமவெளி, கொரில்லா மூன்றும் அங்கே அமைந்துவிடும். காங்கோ பக்கம் விலை குறைவு என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அங்கே பாதுகாப்பு நிலவரம் சரியில்லை.

பெர்மிட்டை வழங்குவது உகாண்டா வனவிலங்கு ஆணையம். பெரும்பாலானவர்கள் அந்நாட்டு டூர் நிறுவனம் ஒன்றின் மூலம் எடுக்கிறார்கள். நிறுவனம் உகாண்டா டூர் நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். பணம் கட்டியதும் பெர்மிட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறதென்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு, புது எண்ணில் பெர்மிட் எடுங்கள். கொரில்லாவைப் பார்க்கப் போகிறவருக்கு 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் இதை முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, பிவிண்டி என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ என்று நான்கு பகுதிகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மலைச்சாலையில் பல மணி நேரம் பிடிக்கும். காலை எட்டு மணிக்கு முன் நடை தொடங்கும் நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும்போது, பெர்மிட் ருஷாகாவிலும் விடுதி புஹோமாவிலும் இருந்தால் அந்த நாள் போய்விடும். விடுதியைப் பதிவு செய்யும் முன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வழி

நான் சொல்லும் வழி இது. எண்டெபேயில் இறங்கி ஒரு இரவு ஓய்வு. அங்கிருந்து கிபாலே காடு, இரண்டு இரவு. அடுத்து சமவெளி மிருகங்களுக்காகக் குயின் எலிசபெத் பூங்கா, இரண்டு இரவு. பிறகு பிவிண்டி, குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. திரும்பும்போது எண்டெபேவரை மறுபடி ஓடாமல் எல்லையைத் தாண்டிக் கிகாலியில் விமானம் ஏறுங்கள். ருஷாகாவிலிருந்து நாலு மணி நேரம்தான். இதற்கு உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவை 100 டாலருக்கு எடுக்கலாம். முதலில் இறங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தான்சானியா இதில் சேராது.

இதற்கு மேல் இன்னும் இரண்டு பூங்காக்களைத் திணிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அங்கே ஒரு பூங்காவைக் கூட்டினால் ஒரு நாள் முழுக்க வண்டியில் குலுங்குகிறீர்கள். நாள் உண்மையிலேயே மிஞ்சினால் மட்டும் மர்ச்சிசன் அருவி. நைல் நதி முழுவதும் சுமார் 7 மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நுழைந்து 43 மீட்டர் கீழே விழுகிறது.

கிபாலேயில் சிம்பன்சி பெர்மிட் 250 டாலர். கொரில்லாவைவிட இது வேகமான அனுபவம். தூரத்தில் ஒரு சிம்பன்சி கூவத் தொடங்கும். நாலு திசையிலிருந்தும் பதில் வரும். யாரோ ஒன்று பெருமரத்தின் பலகை வேரை ஓடிவந்து உதைக்கும், பறை அடித்ததுபோல் காடு அதிரும். அத்திப் பழம் பழுத்திருந்தால் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் அவற்றின் பின்னால் ஓட வேண்டியதுதான். அந்தக் காட்டில் 13 வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன. பெருவிரல் தேய்ந்துபோன செங்கோலபஸ் குரங்கு நம் மந்திகளின் உறவு, இரண்டும் இலை தின்பதற்கென்றே அறை அறையாகப் பிரிந்த வயிறு கொண்டவை. இரவு நடைக்கும் பணம் கட்டிப் போங்கள். டார்ச் வெளிச்சத்தில் கண் மின்னும் பொட்டோ, நம் தேவாங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. விலங்கியல் வகுப்பில் நான் படமாக மட்டுமே காட்டிய விலங்கு அது.

மாதங்களைப் பொறுத்தவரை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. பள்ளி விடுமுறை என்று ஏப்ரல், மே மாதங்களில் போனால் மலைச்சரிவு முழுக்கச் சேறு.

ஊசியும் உடம்பும்

உகாண்டா செல்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். எல்லா மருத்துவமனையிலும் இது போடப்படுவதில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் நிலையம் ஒன்று. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். முட்டை ஒவ்வாதவர்களும் 60 வயது தாண்டியவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டே போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் அவரிடமே கேளுங்கள். பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் தொடர வேண்டிய மாத்திரை அது. நடுவில் நிறுத்தக் கூடாது.

நடைப் பயிற்சிக்கு நமக்குக் கோட்டை மலை இருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் சையத் பாஷா மலையிலும், ராயக்கோட்டைப் பக்கத்தவர்கள் அந்தக் கோட்டை மலையிலும் முதுகுப்பையோடு வாரம் சில முறை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும். பிவிண்டி 1,160 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை உயர்ந்த காடு. கொரில்லாக் கூட்டம் அரை மணி நேரத்தில் கிடைக்கலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். சுமை தூக்குபவர் ஒருவரைத் தவறாமல் அமர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் பையை மட்டுமல்ல, வழுக்கும் இடத்தில் உங்கள் கையையும் பிடிப்பார். அந்தக் கூலி காட்டை ஒட்டிய கிராமத்துக்கு நேராகப் போய்ச் சேருகிறது. நடக்கவே முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லும் ஏற்பாடும் உண்டு. எழுபது தாண்டியவர்கள் அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

முழுக்கைச் சட்டை, கால்சட்டையை உள்ளே செருகிக்கொள்ளும் உயரமான காலுறை, தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை, மழைச் சட்டை இவை போதும். பிடித்து ஏறும் செடியெல்லாம் நம் காஞ்சொறி மாதிரி சுணை உள்ளவை. ராணுவ உடுப்பு போன்ற துணி உகாண்டாவில் பொதுமக்களுக்குத் தடை. அடர் நீலமும் கறுப்பும் செட்சி என்ற கடி ஈயை இழுக்கும் நிறங்கள், சமவெளிப் பூங்காவில் அவற்றை உடுத்தாதீர்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துச் செல்கிறவர்கள் டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். ருவாண்டாவிலும் கென்யாவிலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. மற்றபடி சாப்பாட்டுக்குப் பயமில்லை. வேகவைத்த வாழைக்காய், பீன்ஸ், சப்பாத்தி, நிலக்கடலைக் குழம்பு எங்கும் கிடைக்கும். மேற்கு உகாண்டாவில் கேழ்வரகு மாவையும் மரவள்ளி மாவையும் சேர்த்துக் கிளறிய கலோ என்ற களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேழ்வரகின் தாயகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள்தான்.

அந்த ஒரு மணி நேரம்

தேடுபவர்கள் விடியற்காலையிலேயே காட்டுக்குள் போய், முந்தின இரவு கொரில்லாக்கள் படுத்த கூடுகளிலிருந்து தடம் பிடித்து வயர்லெஸ்ஸில் தகவல் சொல்வார்கள். கூட்டத்தை நெருங்கும் முன் கைத்தடி, பை, தின்பண்டம் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு முகக் கவசம் அணிய வேண்டும். நம்முடைய சளிக் காய்ச்சல் கொரில்லாவைக் கொல்லக்கூடியது. 10 மீட்டர் தூரம் காக்கச் சொல்வது அதற்காகத்தான். குட்டி தானாக நெருங்கி வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும். ஒகேனக்கல்லில் குரங்குக்குப் பொரி நீட்டிப் பழகிய கை அங்கே சட்டைப்பைக்குள் இருக்கட்டும். அன்று காலை உங்களுக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 800 டாலரை நினைத்து மாத்திரை விழுங்கிவிட்டு ஏறுவதை நான் மன்னிக்க மாட்டேன்.

காவலர் தொண்டையைக் கனைப்பதுபோல் ஆழமாக உறுமுவார். "நாங்கள்தான், பயமில்லை" என்று கொரில்லாவுக்குச் சொல்லும் ஒலி அது. நாங்கள் பார்த்தபோது முதுகு வெளுத்த ஆண் ஒன்று சரிவில் உட்கார்ந்து, கொடியைப் பல்லில் கொடுத்து இழுத்து, இலையை மட்டும் உருவி எடுத்துத் தண்டைப் பக்கத்தில் போட்டது. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் கேமராவை எடுக்காமல் மூக்கைப் பாருங்கள். மூக்குக்கு மேலுள்ள மடிப்பு ஒவ்வொரு கொரில்லாவுக்கும் வேறு. அதை வைத்துத்தான் காவலர்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறார்கள். ஆண் கொரில்லா மார்பில் அடித்துக்கொண்டு முன்னே வந்தால் ஓடக் கூடாது. குனிந்து உட்கார்ந்து, கண்ணை நேராகப் பார்க்காமல் இருங்கள். பிளாஷ் அறவே கூடாது.

யானைக்காகப் போகிறவர்களுக்கு

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு நான் கென்யாவையும் சொல்வதுண்டு. ராகிக் கொல்லையில் இரவுக் காவல் இருந்தவர்களுக்கு யானை என்றால் அச்சம்தான் முதலில். அங்குள்ள அம்போசெலி பூங்காவில் கிளிமஞ்சாரோ மலையைப் பின்னால் வைத்து, பாட்டி யானை முன்னே நடக்கக் குடும்பம் குடும்பமாக அவை போவதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வு அங்கே இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு குடும்பத்தின் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ட்சாவோ பக்கம் போனால் வோய் ஊருக்கு அருகே சகலாவில் விலங்கியலாளர் லூசி கிங் உருவாக்கிய தேனீ வேலிகளைப் பாருங்கள், முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு. 10 மீட்டருக்கு ஒரு தேன்கூட்டுப் பெட்டி வீதம் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடித் தேனீக்கள் கிளம்பும், யானை ஒதுங்கிவிடும். நம் ஊர் விவசாயி ஒருவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை.

கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான்கள் லட்சக்கணக்கில் ஆறு தாண்டும் காலம் ஜூலைக்குப் பிறகுதான்.

டாலர் நோட்டுகள் புதிய வரிசையாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். பழையவற்றை வாங்க மாட்டார்கள். டூர் பணம் கட்டும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டி.சி.எஸ். தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ரசீதை வைத்திருங்கள். காப்பீட்டில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வசதி அடங்கியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு சில மாதங்கள் வரை காய்ச்சல் வந்தால் வைரல்தான் என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், ஆப்பிரிக்கா போய் வந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, மலேரியா ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அங்கே பரவலாக உள்ளது பால்சிபாரம் வகை. அதற்கு ஒரு நாள் தாமதமும் ஆபத்து.