ஐந்து ஸ்பீக்கர் வாங்கி இரண்டில் கேட்பவர்கள்: ஹோம் தியேட்டர் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தீபாவளி முடிந்து நாலாம் நாள் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். ஹாலில் புது 55 இஞ்ச் டிவி. கீழே நீளமாக ஒரு சவுண்ட்பார், மூலையில் சப் ஊஃபர், சோபாவுக்குப் பின்னால் ஸ்டாண்டில் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். "எப்படி மாப்ளே, தியேட்டர் மாதிரி இருக்கா?" என்றார். சத்தம் என்னவோ பலமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாம் முன்னாலிருந்தே வந்தது. எழுந்து போய்ப் பின் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். மூச்சே இல்லை. எட்டிப் பார்த்தால் டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் இடையே கேபிளே கிடையாது, ப்ளூடூத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே கொடுத்த எச்டிஎம்ஐ கேபிள் உறை பிரிக்காமல் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

டிவியிலிருந்து ப்ளூடூத்தில் கிளம்புவது இடது, வலது என்று இரண்டு சேனல் ஒலி மட்டும்தான். பின் ஸ்பீக்கருக்கென்று தனியாக எதுவும் வந்து சேராது. அவர் வாங்கிய பொருளில் ஒரு குறையும் இல்லை. ஒலி எங்கே கிளம்பி எந்த வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காமல், துளை பொருந்தினால் செருகு, பேர் தெரிந்தால் இணை என்று நாம் போய்விடுகிறோம். டிவியைச் சுவரில் மாட்டும் முன்பே ஒரு தாளில் பெட்டிகளை வரைந்து, படத்துக்கு ஒரு நிறம், ஒலிக்கு வேறு நிறம் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பாதித் தவறு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அம்பு போடும்போது பலரும் குழம்புகிற இடம் ஏஆர்சி. டிவிக்குள்ளேயே ஓடும் ஓடிடி செயலிகளின் ஒலி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு வர வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளில் படம் போகும் திசைக்கு இது நேர் எதிர். அந்த எதிர்த்திசைப் பாதைக்குத்தான் ஏஆர்சி என்று பெயர், 2009இல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்தது. டிவியில் நாலு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் பொதுவாக ஒன்றே ஒன்றில்தான் ஏஆர்சி அல்லது இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) என்று எழுதியிருக்கும். அதைவிட்டு வேறு எதில் செருகினாலும் சத்தம் வராது. சவுண்ட்பார் பக்கம் இன்னொரு வேடிக்கை. அங்கே 'இன்', 'அவுட்' என்று இரண்டு துளை இருந்தால், ஒலி உள்ளே வரத்தானே வேண்டும் என்று எல்லோரும் 'இன்'னில் செருகுவார்கள். செருக வேண்டியது 'அவுட்'டில். படம் அந்த வழியாக டிவிக்கு வெளியே போவதால் அந்தப் பெயர். ஒலி அதே கேபிளில் திரும்பி வருகிறது. பெயர் வைத்தவர்களைத் திட்டிக்கொள்ளலாம், ஆனால் துளை அதுதான்.

கேபிள் சரியாக இருந்தும் ஊமையாக இருந்தால் டிவி மெனுவில் சிஇசி (எச்டிஎம்ஐ வழியாக ஒரு பெட்டி மற்றதைக் கட்டுப்படுத்தும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பல டிவிகளில் இதை ஆன் செய்யாமல் ஏஆர்சி எழுந்திருக்காது.

சரி, சத்தம் வந்துவிட்டது. பின் ஸ்பீக்கர் மட்டும் இன்னும் மௌனமா? டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று இருக்கும். சாதாரண ஏஆர்சியிலும், ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளிலும் பிசிஎம் இரண்டு சேனலோடு நின்றுவிடும். அதை 'ஆட்டோ', 'பாஸ்த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். செட்டாப் பாக்ஸ் மெனுவிலும் இதே மாதிரி ஓர் அமைப்பு இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு விலக்கு உண்டு. சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபருக்கான ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்கள் நம்மூரில் ஏராளம். பழைய டிகோடர் போர்டுகள் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற இரண்டு ஒலி வடிவங்களை மட்டும்தான் படிக்கும். ஏஆர்சியில் டால்பி டிஜிட்டல் பிளஸ் வந்தால் முழிக்கும். அப்போது டிவியில் 'ஆட்டோ' வேண்டாம், வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்று வையுங்கள். ஆம்ப் செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ஆப்டிகல் கேபிளைக் குறை சொல்ல மாட்டேன். 1983இல் தோஷிபா கொண்டுவந்தது, 5.1 வரை இன்றைக்கும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கவைக்கும் டால்பி அட்மாஸை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஏஆர்சியில் அட்மாஸ் சுருக்கிய வடிவில் வரும், ப்ளூ ரேயில் உள்ள முழு வடிவம் வேண்டுமென்றால் இரு பக்கமும் இஏஆர்சி இருக்க வேண்டும். அப்புறம், ஆப்டிகல் முனையில் கண்ணுக்கே தெரியாத ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் அரை மணி நேரம் போராடியவன் நான்.

படத்தின் பக்கம் வந்தால், 4கே டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை இன்னும் பார்க்கிறேன். மஞ்சள் ஒயரில் வரும் படத்துக்கு 576 வரிதான். பாக்ஸ் பின்னாலேயே எச்டிஎம்ஐ துளை சும்மா கிடக்கும். இன்னொரு தவறு, புது 4கே பிளேயரைப் பழைய ரிசீவர் (படம், ஒலி இரண்டையும் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்) வழியாக டிவிக்குக் கொண்டுபோவது. 4கே படங்களுக்கு எச்டிசிபி 2.2 என்ற பூட்டு உண்டு. நடுவில் இருக்கும் ரிசீவருக்கு அந்தச் சாவி இல்லையென்றால் திரை கறுப்பாகும், அல்லது தரம் 1080க்கு இறங்கும். ரிசீவரை மாற்றத் தேவையில்லை. படத்தை நேராக டிவிக்குக் கொடுத்துவிட்டு, ஒலியை மட்டும் ஏஆர்சியிலோ ஆப்டிகலிலோ ரிசீவருக்கு இறக்கிக்கொள்ளலாம்.

கேபிளுக்குத் தங்க முலாம் பூசியிருக்கிறது என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டிஜிட்டல் சிக்னலுக்கு முலாம் பூசினால் நிறம் கூடாது. 4கே 60 ஃப்ரேமுக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் போதும். தூரம் கூடினால்தான் தரம் முக்கியம், இல்லாவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளி மின்னும், படம் விட்டுவிட்டு வரும். நீளத்துக்காக ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்கினால் அதற்குத் திசை உண்டு. 'சோர்ஸ்' என்ற முனை பிளேயரில், 'டிஸ்ப்ளே' என்ற முனை டிவியில். சுவருக்குள் இழுத்துப் பூசிய பிறகு மாற்றிப் போட்டது தெரிந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை: எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் முக்கால் இஞ்ச் பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. ஒன்றரை இஞ்ச் பைப் போடச் சொல்லி, உள்ளே ஓர் இழுகயிறையும் விட்டுவையுங்கள்.

தனி ஆம்ப், தனிப் பெட்டி என்று வைத்திருப்பவர்களுக்குச் சிவப்பு, கறுப்புதான் வில்லன். ஒரு பெட்டியில் மட்டும் இரண்டும் மாறிவிட்டால் ஒன்றின் கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முன்னே வரும்போது மற்றதன் கோன் பின்னே போகும். பேஸ் காணாமல் போய்விடும், குரல் நடுவில் நிற்காமல் அலையும். எந்த ஒயர் எது என்று தெரியாவிட்டால் ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஊஃபர் கோன் வெளியே நகர்ந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்டது சிவப்பு. ஒயர் முனையில் ஒரு செம்பு இழை சிலுப்பிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆம்ப் 'ப்ரொடெக்ட்' என்று படுத்துவிடும், எனவே முறுக்கிச் செருகுங்கள். சத்தம் கூடட்டும் என்று ஒரே டெர்மினலில் இரண்டு 8 ஓம் பெட்டி மாட்டினால் ஆம்புக்கு அது 4 ஓம். தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

சப் ஊஃபரில் ஒரே வேலையை இரண்டு பேர் செய்வதுதான் சிக்கல். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான பேஸ் சப் ஊஃபருக்கு என்று ரிசீவரிலேயே பிரித்துவிட்டீர்கள் என்றால், ஊஃபர் பின்னால் அதே பிரிப்பைச் செய்யும் கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரை ஏற்றிவிடுங்கள், அல்லது அந்தப் பிரிப்பைத் தவிர்க்கும் 'எல்எஃப்இ'யில் வையுங்கள்.

கேபிள் டிவி ஒயரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கிறதா? நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் எர்த் வழியாகச் சுற்றி வருகிறது. பாக்ஸிலிருந்து அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுபோனால் திருடன் அங்கேதான். எல்லாப் பெட்டிகளையும் ஒரே சுவர் பாயிண்டில் இருந்து எடுத்தாலும் பெரும்பாலும் அடங்கும். முனகலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த யோசனை உயிருக்கே ஆபத்து.

கடைசியில் ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ இருக்கும் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராக அதனதன் இடத்திலிருந்து பேசுகிறதா என்று கேட்டுவிடுங்கள். மச்சான் வீட்டில் கேபிளை மாட்டி, பிசிஎம்மை மாற்றி, டோனைப் போட்டதும் பின்னால் இரண்டும் உயிர் பிடித்தன. இடது என்று டிவி சொன்னபோது வலது பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.