ஊர் அணிகளை வைத்து முதல் செஸ் லீக் நடத்துவது எப்படி: நாலாவது போர்டிலிருந்து தொடங்குங்கள்

2023 ஜூன், ஜூலையில் துபாயில் குளோபல் செஸ் லீக்கின் முதல் சீசன் நடந்தது. ஆறு அணிகள், அணிக்கு ஆறு போர்டு, அதாவது ஆறு ஆட்டக்காரர். கார்ல்சன், ஆனந்த், நெபோம்னியாச்சி என்று பெரிய தலைகள் எல்லாம் மேல் போர்டுகளில் இருந்தார்கள். ஆனால் இறுதிப் போட்டி சமனாகி, அதிவேக ஆட்டங்களும் முடிவைத் தராமல் நீண்டு, கடைசியில் கோப்பை யாருக்கு என்பதை முடிவு செய்தது இளையவர்களுக்கான போர்டுதான். அதில் ஜோனாஸ் பியர் என்ற டென்மார்க் பையன் உஸ்பெகிஸ்தானின் சிந்தரோவை வென்றதும் திரிவேணி அணி சாம்பியன் ஆனது. அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலும் இப்படி ஒன்றை நடத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வழியாக ஆறு ஊர்களைச் சேர்த்து ஒரு சீசன் நடத்தியும் முடித்தோம். உங்கள் பகுதியில் இதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன், எங்களுக்குத் தெரிந்த அளவில்.

ஊருக்கு ஒரு நல்ல ஆட்டக்காரர் எப்படியும் இருப்பார், அவர் எங்கே போட்டி நடந்தாலும் வந்துவிடுவார், அவருக்காக நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை. பலமானவர் முதல் போர்டில் என்று வரிசையாக நாலு பேர் ஆடும் அணியில், லீக் நிற்பதும் விழுவதும் கடைசியான நாலாவது போர்டில் உட்காரப் போகிறவரால்தான். அது எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம், கடையைச் சாத்திவிட்டு வருகிறவராக இருக்கலாம், ரிட்டயர் ஆன சாராக இருக்கலாம். மூன்றாவது சுற்றிலும் அவர் வர வேண்டும். விதி, தேதி, பணம் எதை எழுதினாலும் அவரை மனதில் வைத்து எழுதுங்கள்.

முதலில் அணிகளின் எண்ணிக்கை. ஆறுக்கு மேல் போகாதீர்கள். எட்டு, பத்து ஊர்கள் ஆசையோடு பெயர் கொடுக்கும், ஆனால் முதல் சீசனில் ஓர் அணி பாதியில் நின்றுவிட்டால் புள்ளிப் பட்டியலே குலைந்துவிடும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கொளச்சல், திங்கள்சந்தை, குலசேகரம் என்று நாங்கள் ஆறோடு நிறுத்தினோம். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் ஒரு முறை மோதினால் ஐந்து சுற்று, பிறகு முதல் இரண்டு அணிகளுக்கு இறுதிப் போட்டி, மொத்தம் ஆறு ஞாயிறு. சீட்டுக் குலுக்கி அணிகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்துவிட்டு இந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: முதல் சுற்று 1-6, 2-5, 3-4. இரண்டாவது 6-4, 5-3, 1-2. மூன்றாவது 2-6, 3-1, 4-5. நான்காவது 6-5, 1-4, 2-3. ஐந்தாவது 3-6, 4-2, 5-1. முதலில் எழுதியிருக்கும் அணிக்கு 1, 3 போர்டுகளில் வெள்ளை, மற்ற இரண்டில் கறுப்பு.

தேதி விஷயத்தில்தான் நாங்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வந்து நிற்கும். ஏப்ரல், மே என்றால் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் மழை. டிசம்பரில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை யாரையும் பிடிக்க முடியாது. கடைசியில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் இரண்டாவது, நான்காவது ஞாயிறு என்று வைத்தோம். ஆறு தேதி கச்சிதமாக வந்தது. ஐந்தாவது ஞாயிறு வரும் மாதத்தில் அதை உபரியாக ஒதுக்கிவிட்டோம். தென்மேற்குப் பருவமழை அப்போதும் இருக்கும், கரண்ட் போகும், ஆனால் கடிகாரம் பேட்டரியில்தானே ஓடுகிறது, இரண்டு எமர்ஜென்சி விளக்கு இருந்தால் போதும். ஓணம் எந்தத் தேதியில் விழுகிறது, அந்தந்த ஊரில் கோயில் கொடையோ பங்குத் திருவிழாவோ எப்போது என்பதைக் கேப்டன்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் மதியம் இரண்டு மணி. காலை என்றால் நம்ம மாவட்டத்தில் நடக்காது, பாதிப் பேர் ஆலயத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள்.

இடம் என்று வரும்போது மூன்று வழி உண்டு. 2005-ல் தொடங்கிய அமெரிக்க செஸ் லீக்கில் எட்டு நகரங்கள் இருந்தன, பால்டிமோர் முதல் சாம்பியன். ஒவ்வோர் அணியும் தன் ஊரிலேயே ஓர் இடத்தில் கூடி இணையம் வழியாக ஆடியது. நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான தூரத்துக்கு அது சரி. நமக்கு எதிராளியின் முகத்தைப் பார்த்து ஆடுவதுதான் சுகம், அதனால் அது வேண்டாம் என்று விட்டோம். சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறிப் போவது இன்னொரு வழி. அதற்கு ஒரே நாளில் மூன்று ஊரில் மூன்று நடுவர் வேண்டும், நம்மிடம் அத்தனை பேர் கிடையாது. ஜெர்மனியில் 1980 முதல் நடக்கும் புந்தஸ்லீகா என்ற செஸ் அணி லீக்கில் வார இறுதியில் சில அணிகள் ஒரே ஊரில் கூடி ஆடும் பழக்கம் உண்டு, அதைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு சுற்றுக்கு ஓர் ஊர், எல்லா அணிகளும் அங்கே வந்துவிடும். மூன்று மோதல், பன்னிரண்டு போர்டு, ஒரு நடுவர். ஆறு தேதிக்கு ஆறு ஊர், ஆளுக்கு ஒரு முறை விருந்தோம்பல். ஹாலும் சாயாவும் ரசவடையும் அந்த ஊர் பொறுப்பு. அணிக்கு இரண்டு செட்டும் இரண்டு கடிகாரமும் கொண்டுவரச் சொன்னால் பன்னிரண்டு போர்டும் நிரம்பிவிடும், நீங்கள் எதையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

ஹாலுக்கு நூலகம், பங்கு மண்டபம், பள்ளி வகுப்பறை எதுவானாலும் சரி, ஆனால் வாய்மொழியாக நம்பாதீர்கள். எங்களுக்கு ஒரு மண்டபம் சொல்லி வைத்திருந்தது, முதல் நாள் சாயங்காலம் கூப்பிட்டு வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். இரவோடு இரவாக ஒரு டியூஷன் சென்டரின் பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டோம். அன்றிலிருந்து கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம்.

அணி அமைப்பில்தான் லீக்கின் உயிர் இருக்கிறது. நாலு போர்டு, இரண்டு ரிசர்வ், மொத்தம் ஆறு பெயர். ஆடும் நாலு பேரில் 14 வயதுக்கு உட்பட்ட ஒருவரும், ஒரு பெண்ணும் கட்டாயம். பதிமூன்று வயதுப் பெண்பிள்ளை இரண்டையும் நிறைவேற்றிவிடுகிறாளே என்று ஒரு கேப்டன் கேட்டார், தாராளமாக என்று சொன்னோம். அந்த ஊரில் வசிக்கிறவர், வேலை பார்க்கிறவர், படிக்கிறவர் மட்டும்தான் ஆடலாம். வெளியாள் ஒருவருக்கு மட்டும் இடம் கொடுத்தோம், ஏனென்றால் மார்த்தாண்டம் பக்கத்து ஆட்டக்காரர்களுக்குக் களியக்காவிளைக்கு அந்தப்புறம் கேரளாவிலும் நண்பர்கள் உண்டு, அதை மறிக்க மனசு வரவில்லை.

இதோடு ரேட்டிங்குக்கு, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணுக்கு, வரம்பு ஒன்று வைக்காவிட்டால் நாகர்கோவில் அணியே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அமெரிக்க லீக்கில் நாலு பேரின் சராசரி 2400-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார்கள். மேலே ஒரு கிராண்ட்மாஸ்டரை வைத்தால் கீழே இளம் ஆட்டக்காரரை நம்பித்தான் ஆக வேண்டும். நாங்கள் கூட்டுத்தொகை 6800 என்று வைத்தோம். 2000, 1800, 1600, 1400 என்று ஓர் அணி அமையலாம். ரேட்டிங்கே இல்லாதவரை 1400 என்று கணக்கிடுங்கள், 2024 மார்ச் முதல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கில் அடிமட்டமே அதுதான். ரேட்டிங் இல்லாமல் பயங்கரமாக ஆடுகிறவர்கள் சிலர் இருப்பார்கள், அவர்களை என்ன எண்ணில் வைப்பது என்பதை ஆறு கேப்டன்களும் சீசனுக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும், நடுவில் பேசினால் சண்டைதான்.

போர்டு வரிசை ஒரு முறை கொடுத்தால் கொடுத்ததுதான், சீசன் முடியும் வரை மாறாது. நாடுகள் மோதும் செஸ் ஒலிம்பியாட்டிலும் அப்படித்தான், 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது போர்டுக்காரர் வரவில்லை என்றால் மூன்றாவது ஆள் இரண்டுக்கும், நாலாவது ஆள் மூன்றுக்கும் ஏறுவார், ரிசர்வ் நாலில் உட்காருவார். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் காலியாக விட வேண்டியது நாலாவது போர்டை மட்டும்தான். எதிரணியின் பலமான ஆளுக்குப் பயந்து முதல் போர்டைக் காலியாக விடும் வேலையை இந்த விதி தடுக்கும். முதல் போர்டில் அடி வாங்கவென்றே ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைப்பதையும் அனுமதிக்காதீர்கள், வரிசையில் அடுத்தடுத்த இருவருக்குள் கீழே இருப்பவர் ரேட்டிங்கில் 100-க்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆட்ட நேரம் 45 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 15 விநாடி கூடுதல். அறுபது நகர்த்தல் போனாலும் ஆளுக்கு ஒரு மணி நேரம், நாலரைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், குலசேகரத்துக்காரர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். ரேபிட் என்கிற வேக ஆட்டம் வைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும்தான், ஆனால் பதினைந்து நாள் காத்திருந்து பஸ் ஏறி வந்தவருக்கு ஓர் ஆட்டமாவது நின்று யோசித்து ஆடக் கிடைக்க வேண்டும். இரண்டரை மணிக்குள் வராதவருக்குத் தோல்வி. முப்பது நகர்த்தலுக்கு முன் பேசி வைத்து டிரா கிடையாது. எல்லாரும் நகர்த்தல்களை எழுத வேண்டும்.

போன் எல்லாம் அணைத்து, பெயர் ஒட்டி ஒரு வாளியில். பெற்றோர் ஹாலுக்கு வெளியே. இதில் மட்டும் யாருக்கும் இரக்கம் காட்டாதீர்கள். கேப்டன் ஹாலில் நிற்கலாம், தன் ஆள் கேட்டால் டிரா கொடு, டிரா வாங்கு, ரிசைன் பண்ணு என்று சொல்லலாம், ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் கூடாது. அணிப் போட்டியின் விறுவிறுப்பே அங்கேதான் இருக்கிறது, இரண்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருக்கும்போது கடைசி போர்டில் டிரா வந்தால் போதும், அதை வாங்கலாமா என்று கேப்டன் கண்ணாலேயே தவிப்பார்.

புள்ளி முறையை எளிதாக வையுங்கள். மோதலில் வென்றால் 2, சமன் என்றால் 1. சமப் புள்ளியில் நின்றால் போர்டுப் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். குளோபல் லீக்கில் ஓர் அணி முழுதும் ஒரே நிறத்தில் ஆடும், வெள்ளையில் வென்றால் 3, கறுப்பில் வென்றால் 4 என்று கணக்கு. டிவியில் பார்க்க அருமை, நம்ம ஹாலில் நாலாவது போர்டுப் பிள்ளையின் அம்மாவுக்கு விளக்கி முடிக்க முடியாது. இறுதிப் போட்டி 2-2 என்று முடிந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு விநாடி கூடுதல் என்று பிளிட்ஸ் என்கிற அதிவேக ஆட்டம் வையுங்கள், முதல் ஆட்டம் நாலாவது போர்டுக்கு. அங்கே டிரா ஆனால் மூன்றாவது, அப்படியே மேலே. பெரிய ஆட்டக்காரர்கள் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், பிறகு அவர்களே அந்தப் போர்டைச் சுற்றி நின்றார்கள்.

பணம். புரொஃபஷனல் லீக் என்று சொன்னால் ஆடுகிறவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், தொகை சின்னதாக இருந்தாலும் சரி. அணிக் கட்டணம் ஒரு பகுதி, மீதி அந்தந்த ஊர்க் கடைக்காரர்கள். ஆறு ஊர்க் கடைகளிலும் ஏறி இறங்கினோம், தன் ஊர்ப் பெயரில் அணி இருக்கிறது என்றதும் இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. எல்லாவற்றையும் முதல் பரிசில் கொட்டாதீர்கள். ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 200 ரூபாய், முதல் போர்டுக்கும் நாலாவது போர்டுக்கும் ஒரே தொகை, பெயர் எழுதிய கவரில் கொடுத்தோம். மீதியில் கோப்பையும் போர்டுவாரிப் பரிசும். அந்தக் கவரைப் பிள்ளைகள் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று பெற்றோர் சொல்லிக் கேட்டேன்.

அன்றிரவே ஆட்டங்களை லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஏற்றி வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிடுங்கள். பன்னிரண்டு ஆட்டம், இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. சுற்றுக்கு ஒரு சிறந்த ஆட்டம் தேர்ந்தெடுங்கள், தோற்றவரின் ஆட்டமாகவும் இருக்கலாம். எங்கள் நாலாவது சுற்றில் தேர்வானது ஒரு நாலாவது போர்டு ஆட்டம்தான், குலசேகரத்துப் பெண்பிள்ளையும் கொளச்சலில் மோட்டார் ரிப்பேர் செய்கிற ஒரு மாமாவும் ஆடியது. மற்ற எல்லா போர்டும் முடிந்து ஹாலே அங்கே கூடிவிட்டது. அவள் குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கினாள். மாமா நிமிர்ந்து பார்த்துக் கைகொடுத்து, "மக்களே, அந்தக் குதிரைய நான் பாக்கவே இல்ல" என்றார். அடுத்த சுற்றில் அவர்தான் முதல் ஆளாக வந்து மேசை போட்டார்.

சீசன் முடிந்ததும் கடிகாரங்களை அவரவர் அணிக்கு எண்ணிக் கொடுத்துவிடுங்கள், கொடுக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கொளச்சல் பக்கத்து உப்புக்காற்றில் உள்ளேயே விட்டால் அடுத்த ஜூனுக்குள் பச்சை பூத்துவிடும், எங்களுக்கு இரண்டு கடிகாரம் அப்படித்தான் போனது.