கிளிமஞ்சாரோ பூங்காக் கட்டணம்: கொட்டேஷனைப் பிரித்துப் படிப்பது எப்படி?

மச்சாமே வழியாக ஏழு நாளில் கிளிமஞ்சாரோ ஏறும் ஒரு வெளிநாட்டவர், தான்சானியாவின் தேசியப் பூங்கா நிர்வாகமான தனாபாவுக்கு மட்டும் கட்ட வேண்டியது 955 டாலர் 80 சென்ட். ரூபாயில் எண்பதாயிரத்தைத் தாண்டும். இதில் கைடு இல்லை, சாப்பாடு இல்லை, டென்ட்டும் இல்லை. மலைக்குள் நுழைவதற்கும் இரவில் ஒரு துண்டுத் தரையில் படுப்பதற்குமே இவ்வளவு. மலையேற்றம் நடத்தும் கம்பெனிகள் இதைத் தங்கள் பேக்கேஜ் விலைக்குள் வைத்துச் சொல்வதால் பலருக்கு இந்தத் தொகை கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் பட்டால்தான் எந்த கொட்டேஷன் நியாயமானது, எது யாருடைய வயிற்றில் அடித்துத் தரப்படுகிறது என்று தெரியும்.

முதலில் கணக்கு

பதினாறு வயதும் அதற்கு மேலுமான, கிழக்கு ஆப்பிரிக்க நாட்டவர் அல்லாத ஒருவருக்கு நான்கு வரிகள்:

- பாதுகாப்புக் கட்டணம் (நுழைவுக் கட்டணத்துக்கு அங்கே இதுதான் பெயர்): நாளொன்றுக்கு 70 டாலர்
- முகாம் கட்டணம்: இரவொன்றுக்கு 50 டாலர். மராங்கு வழியில் டென்ட் கிடையாது, குடில்தான். அதற்கு இரவுக்கு 60 டாலர்
- மீட்புக் கட்டணம்: ஒரு பயணத்துக்கு 20 டாலர்
- மொத்தத்தின் மேல் 18 சதவீதம் வாட் வரி

ஏழு நாள், ஆறு இரவு என்றால் 490 + 300 + 20 = 810. வாட் சேர்த்தால் 955.80. ஆறு நாளாகக் குறைத்தால் 814.20. லெமோஷோ என்ற இன்னொரு வழியில் எட்டு நாளுக்கு 1,097.40. ஐந்து நாள் மராங்கு 719.80. ஐந்து முதல் பதினைந்து வயதுவரை நாள் கட்டணம் 20 டாலர், இரவுக் கட்டணம் 10 டாலர். ஆனால் பத்து வயது நிரம்பாத குழந்தையை உச்சிவரை விடமாட்டார்கள்.

கொட்டேஷன் வந்ததும் நாள் எண்ணிக்கையையும் இரவு எண்ணிக்கையையும் வைத்து இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ‘பூங்காக் கட்டணம் உட்பட’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான்கு வரிகளையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்டை விட்டுவிட்டு விலை சொல்லி, முன்பணம் வாங்கியபின் ‘வரி தனி’ என்பது பழைய தந்திரம். தான்சானியாவின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, கட்டண மாற்றங்கள் பெரும்பாலும் அந்தத் தேதியை ஒட்டியே வரும். எனவே ஜூலைக்கு முன் பதிவுசெய்து ஜூலைக்குப் பின் ஏறுபவர்கள், கட்டணம் கூடினால் வித்தியாசத்தை யார் கொடுப்பது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இது நியாயமா?

கிழக்கு ஆப்பிரிக்க சமூக நாட்டவர் ஒரு நாளைக்கு 10,000 தான்சானிய ஷில்லிங் கட்டினால் போதும். டாலரில் நாலைந்துதான். இந்த இரட்டை விலையைப் பார்த்துக் கொதிப்பவர்கள் உண்டு. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் கோபம் அவ்வளவாக எடுபடாது. தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய் என்று எழுதிவைத்திருக்கும் நாட்டிலிருந்துதானே போகிறோம்? தன் வரிப்பணத்தில் காக்கப்படும் காட்டை உள்ளூர்க்காரர் மலிவாகப் பார்ப்பதில் தவறில்லை. மேலும், தனாபா நடத்தும் பூங்காக்களில் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்பவை மிகச் சில. கிளிமஞ்சாரோவும் செரெங்கெட்டியும் கொண்டுவரும் பணத்தில்தான் ஆள் நடமாட்டம் குறைந்த மற்றவை ஓடுகின்றன.

நேபாளத்தோடு ஒப்பிட்டால் உறுத்தல் வரும். எவரெஸ்ட் அடிவார முகாம் அமைந்த சாகர்மாதா தேசியப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் ஒரே ஒருமுறைதான்: 3,000 நேபாள ரூபாயும் 13 சதவீத வரியும். சார்க் நாட்டவருக்கு அதிலும் பாதி. எத்தனை நாள் தங்கினாலும் அதே தொகை.

கிளிமஞ்சாரோ கட்டணத்தின் கோளாறும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தொகை பெரிது என்பதைக்கூட விட்டுவிடலாம், அது நாள் கணக்கில் ஓடுவதுதான் தப்பு. 5,895 மீட்டர் உயரமுள்ள உஹுரு உச்சிக்குப் போகும் ஒருவருக்கு உயரம் ஒத்துக்கொள்ள நாள் வேண்டும். ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் 70 + 50, அதன்மேல் வாட், ஆக 141 டாலர் 60 சென்ட் பூங்காவுக்குப் போகிறது. கம்பெனியின் செலவு அதற்கு மேல். மெதுவாக, பாதுகாப்பாக ஏறுபவருக்கு அபராதமும் அவசரமாக ஏறுபவருக்குத் தள்ளுபடியும் தரும் கணக்கு இது. பூங்கா விதித்திருக்கும் குறைந்தபட்ச நாட்கள் மராங்குவில் ஐந்து, மற்ற வழிகளில் ஆறு. மலிவு பேக்கேஜ்கள் எல்லாம் அந்த எண்ணில்தான் வந்து நிற்கும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டத்தோடு பாதியில் திரும்புகிறவர்களில் பெரும்பகுதியினர் உடல்பலம் இல்லாதவர்கள் அல்லர், நாள் போதாதவர்கள்.

நாளைக் குறைக்காமல் செலவைக் குறைக்க

மச்சாமே என்றால் ஏழு நாள், லெமோஷோ என்றால் எட்டு நாள் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு மற்ற இடங்களில் பேரம் பேசுங்கள். ஏழு நாள் மச்சாமேயில் கூடும் அந்த ஒரு நாள், பரான்கோ, பராஃபு முகாம்களுக்கு நடுவில் உள்ள கராங்கா முகாமில் ஓர் இரவு தங்குவது. சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் கராங்காவில் தூங்கி எழுந்து, மறுநாள் சுமார் 4,670 மீட்டரில் உள்ள பராஃபுவுக்கு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால், நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்பும் முன் சில மணி நேரம் படுக்கலாம். ஆறு நாள் திட்டத்தில் பரான்கோ சுவர் எனப்படும் செங்குத்துப் பாறையில் ஏறி, கராங்காவைத் தாண்டி, மாலையில் பராஃபு சேர்ந்து, அன்றிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். 141 டாலரை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இது.

பணம் உண்மையில் குறைகிற இடங்கள் வேறு. பூங்காக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பதால் குழு பெரிதானாலும் ஒரு சென்ட் குறையாது. கைடு கூலி, சமையல்காரர் கூலி, வாகனம், சாப்பாட்டு டென்ட் ஆகியவைதான் பங்குபிரியும். இரண்டு பேராகப் போவதைவிட ஆறு பேர் குழுவில் சேர்ந்தால் நல்ல வித்தியாசம் தெரியும். தூக்கப்பை, கனத்த ஜாக்கெட், நடைக்கோல் போன்றவற்றை மலையடிவாரத்து மோஷி நகரில் வாடகைக்கு எடுக்கலாம். மோஷியில் சாதாரண விடுதியில் தங்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. கிளிமஞ்சாரோவுக்கு முன் அருஷா தேசியப் பூங்காவில் உள்ள மேரு மலையில் ஏறி உடலைப் பழக்கிக்கொள்வது. 4,500 மீட்டரைத் தாண்டும் மலை, தங்கக் குடில்கள், காட்டெருமைகள் திரிவதால் துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சர் கூடவே வருவார். அங்கே நாள் கட்டணம் கிளிமஞ்சாரோவைவிடக் குறைவு. விடுப்பு உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

கொட்டேஷன் மிக மலிவாக இருந்தால்

கைடு இல்லாமல் தனியாக ஏற 1991 முதல் அனுமதி இல்லை, எனவே ஏதோ ஒரு கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பேர் ஏழு நாள் ஏற ஒரு கைடு, ஓர் உதவிக் கைடு, ஒரு சமையல்காரர், ஆறிலிருந்து எட்டு போர்ட்டர்கள் தேவைப்படுவார்கள். ஒரு போர்ட்டருக்கு நாளுக்கு 20,000 ஷில்லிங் என்று வையுங்கள். போர்ட்டர்கள் நலனுக்காக 2003-இலிருந்து இயங்கும் கேபாப் அமைப்பு நீண்டகாலமாக வலியுறுத்திவந்த தொகை அது. ஏழு போர்ட்டர், ஏழு நாள்: 9,80,000 ஷில்லிங். டாலருக்கு 2,500 ஷில்லிங் என்று எடுத்தால் 392 டாலர், தலைக்கு 196. பூங்காக் கட்டணத்தோடு கூட்டினால் 1,150-ஐத் தாண்டிவிட்டது. இன்னும் கைடுகள் கூலி, ஏழு நாள் சாப்பாடு, எரிவாயு, டென்ட் தேய்மானம், வாகனம், கம்பெனியின் லாபம் எதுவும் வரவில்லை. இந்நிலையில் ஒருவர் 1,300 டாலருக்கு ஏழு நாள் மச்சாமே தருகிறேன் என்றால் எங்கிருந்து குறைக்கிறார்? பூங்காவுக்குக் கட்டாமல் வாயிலைத் தாண்ட முடியாது. போர்ட்டரின் கூலிதான் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

எனவே முன்பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை: போர்ட்டருக்கு நாள் கூலி எவ்வளவு, எப்போது கொடுக்கிறீர்கள்? மலையில் அவர்களுக்கு எத்தனை வேளைச் சாப்பாடு? தூங்கத் தனி டென்ட் உண்டா, அல்லது நாம் சாப்பிட்டு முடிக்கும் வரை குளிரில் காத்திருந்து அந்த டென்ட்டிலேயே படுக்க வேண்டுமா? கேபாப் கண்காணிப்பில் உள்ள கம்பெனியா? நல்ல கம்பெனி இவற்றுக்கு எண்களோடு பதில் தரும். ‘எங்கள் ஆட்கள் எல்லாரும் குடும்பம் மாதிரி’ என்று பதில் வந்தால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.

வாயிலில்

கட்டணத்தைக் கம்பெனி முன்கூட்டியே கட்டி, உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு பெர்மிட் வாங்கியிருக்க வேண்டும். கிளம்பும் முந்தைய மாலை அதைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றைச் சரிபாருங்கள்: வழியின் பெயர், நாட்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை. ஏழு நாளுக்குப் பணம் வாங்கி ஆறு நாளுக்குப் பெர்மிட் எடுத்திருந்தால் அது மேலே போன பிறகுதான் தெரியவரும், ‘வானிலை சரியில்லை, கராங்காவில் நிற்க வேண்டாம்’ என்ற வடிவில்.

வாயிலில் சுமை எடை போடுவார்கள். ஒரு போர்ட்டருக்கு 20 கிலோ உச்சவரம்பு, அவருடைய சொந்தப் பொருளும் அதில் அடக்கம். அதனால்தான் உங்கள் பையை 15 கிலோவுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். எடை கூடினால் இன்னொரு போர்ட்டரை எடுக்க வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது. மச்சாமே வழியில் கடைசித் தண்ணீர் கராங்கா ஓடையில்தான். பராஃபுவில் நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் ஒருவர் தலையில் ஏறிவந்தது என்பதை நினைத்துக்கொண்டால் பையிலிருந்து தேவையில்லாத இரண்டு கிலோ தானாக வெளியே வந்துவிடும். தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலையும் மலையில் விடுவதில்லை.

50 டாலருக்கும் 20 டாலருக்கும் என்ன கிடைக்கும்?

முகாம் கட்டணத்துக்குச் சமப்படுத்திய இடம், பொதுக் குழிக்கழிப்பறை, ரேஞ்சர் குடிசையில் ஒரு பதிவேடு. அவ்வளவுதான். பெயர், பாஸ்போர்ட் எண், வயது எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆள் காணாமல் போனால் தேடலைத் தொடங்குவது அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் என்பதால் சோர்வில் விட்டுவிடாதீர்கள். இரவுக்கு 50 டாலர் வாங்கும் இடத்தில் கழிப்பறையின் நிலை கட்டணத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது. பயணிகளின் முறையீடுகளில் மிக நியாயமானது இது. சின்னக் கழிப்பறை டென்ட்டைக் கம்பெனியே கூடுதல் காசுக்குக் கொண்டுவரும். குழுவாகப் பகிர்ந்தால் கட்டுப்படியாகும்.

மீட்புக் கட்டணம் 20 டாலர் என்பது தரைவழி மீட்புக்கு. ரேஞ்சர்களும் உங்கள் ஆட்களும் ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சரில் கீழே இறக்குவார்கள். ஹெலிகாப்டர் இதில் சேராது. அதற்குக் காப்பீடு வேண்டும், அதில் 6,000 மீட்டர் வரையிலான மலையேற்றம் என்று எழுதியிருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உயர வரம்பு கீழேயே நின்றுவிடும். உடம்பு முடியாமல் நான்காம் நாளே இறங்கிவிட்டால் மீதி நாட்களுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. காப்பீட்டில் ‘பயணம் இடைமுறிவு’ பிரிவு இருந்தால் அங்கே கேட்கலாம்.

டிப்ஸ்

விருப்பம் என்று சொன்னாலும் அங்கே அது கூலியின் ஒரு பகுதி. வழக்கத்தில் உள்ள அளவு, குழு முழுவதும் சேர்ந்து நாளொன்றுக்கு: தலைமைக் கைடுக்கு 20 முதல் 25 டாலர், உதவிக் கைடுக்கு 15 முதல் 20, சமையல்காரருக்கு 12 முதல் 15, ஒவ்வொரு போர்ட்டருக்கும் 8 முதல் 10. இரண்டே பேர் கொண்ட குழுவுக்கு ஏழு நாளில் இது தலைக்கு நானூறு டாலரையும் தாண்டலாம் என்பதால் பட்ஜெட்டில் முதலிலேயே வையுங்கள்.

மொத்தத்தையும் தலைமைக் கைடு கையில் ஒரே உறையில் கொடுத்தால் கடைசிப் போர்ட்டருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. முதல் நாளே ஆட்களின் பெயர், வேலை அடங்கிய பட்டியலை வாங்குங்கள். இறங்கிய பின், மச்சாமே, லெமோஷோ வழிகள் முடியும் ம்வேகா வாயிலில் எல்லாரும் நிற்கும்போது, யாருக்கு எவ்வளவு என்று உரக்கப் படித்து அவரவர் கையில் கொடுங்கள். பட்டியலில் பத்து பெயர் இருந்து எதிரில் எட்டு பேர்தான் நின்றால், மற்ற இருவர் எங்கே என்று அங்கேயே கேளுங்கள். ஷில்லிங்காகவே கொடுக்கலாம், டாலர் என்றால் கிழியாத, புதிய, சிறு நோட்டுகள். பழைய நோட்டை மாற்ற அவர்கள்தான் வங்கிக்கு அலைய வேண்டும்.