திறந்த ரூட்டருக்கு மாறும்போது தவிர்க்க வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது பழைய ரூட்டரில் ஓபன்வர்ட் என்ற திறந்த மூல மென்பொருளைப் போடப் போகிறேன் என்றால், நான் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணே, பெட்டியைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பார்த்தீங்களா?" மாடல் பெயரை மட்டும் நம்பி இறங்குவதுதான் பெரிய தவறு. பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வி2, வி5 என்று பதிப்பு எண் இருக்கும். அது மாறினால் உள்ளே சிப்பே மாறியிருக்கலாம். வேறு பதிப்புக்கான ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டரை இயக்கும் மென்பொருளை, ஏற்றினால் ரூட்டர் எழுந்திருக்காமலே போகலாம்.

இது பழைய சிக்கல். லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டர் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தில் ஓடியதால், உரிம விதிப்படி 2003இல் அதன் மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதை வைத்துத்தான் 2004இல் ஓபன்வர்ட் தொடங்கியது. அப்புறம் 2005இல் அதே பெயரில் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதில் லினக்ஸ் இல்லை. ஃபர்ம்வேர் தங்கும் ஃப்ளாஷ் நினைவகம் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும் ரேம் 16இலிருந்து 8 ஆகவும் குறைந்திருந்தன.

ஆன்டெனா எத்தனை என்று எண்ணி வாங்காதீர்கள். இன்றைக்குக் குறைந்தது 16 மெகாபைட் ஃப்ளாஷும் 128 மெகாபைட் ரேமும் வேண்டும். அதற்குக் கீழே போனால் கூடுதல் தொகுப்புகள் (தனியாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) போட இடமிருக்காது. பிராட்காம் வைஃபை சிப்புக்குத் திறந்த டிரைவர் ஆதரவு குறைவு. மீடியாடெக் சிப் உள்ளதைத் தேடுங்கள்.

யூனிஃபை ஃபைபர் இணையம் உள்ள வீடுகளில் பலர் தடுமாறுவது இன்னோர் இடத்தில். இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும் சரியாகவே இருக்கும், இணைப்பு மட்டும் வராது. வெளியிலிருந்து இணையம் வரும் வேன் (WAN) போர்ட்டில், சேவைகளைப் பிரித்துக் காட்டும் விலேன் (VLAN) எண் 500 போடாததுதான் காரணம். டிவி பெட்டிக்கு 600. பழைய ரூட்டரைக் கழற்றும் முன்பே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் ஒன்றாகவே இருக்கும். நிறுவனம் தந்த அந்தப் பெட்டியில் கை வைக்காதீர்கள்.

ஏற்றி முடித்ததும் வைஃபை தெரியவில்லை என்று பதறவும் வேண்டாம். ஓபன்வர்ட் பெரும்பாலும் வைஃபையை அணைத்து வைத்துத்தான் தொடங்கும். லேன் கேபிளால் கணினியை ரூட்டரில் செருகி, பிரௌசரில் 192.168.1.1க்குப் போய், முதல் வேலையாகக் கடவுச்சொல் வையுங்கள். ஆரம்பத்தில் அது காலியாகவே இருக்கும். நாட்டுக் குறியீட்டை மலேசியா என்று மாற்றியபின் வைஃபையைத் திறக்கலாம்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நம் ஊர்களில் மாலையில் இடி மின்னல் சாதாரணம். ஃபர்ம்வேர் எழுதும்போது கரண்ட் போனால் ரூட்டர் செத்துவிடக்கூடும். இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள், திறந்த ரூட்டர் என்றாலே பழைய சாமான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2024 இறுதியில் ஓபன்வர்ட் திட்டமே மென்பொருள் சுதந்திர அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து ஓபன்வர்ட் ஒன் என்ற ரூட்டரைக் கொண்டுவந்தது. 1 கிகாபைட் ரேம், வைஃபை 6. ஃப்ளாஷ் இரண்டு உண்டு: ஒன்று கெட்டால் ஒரு சுவிட்சைத் தள்ளி மற்றொன்றிலிருந்து மீட்கலாம். பயனரை நம்பிக் கட்டிய இந்த வடிவமைப்புதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. மற்ற நிறுவனங்களும் இந்த மீட்பு வழியையாவது தந்தால், தைரியமாக இறங்குபவர்கள் பெருகுவார்கள்.

கடைசியாக ஒன்று. வழக்கமான முறையில் ஓபன்வர்ட் பதிப்பை உயர்த்தும்போது அமைப்புகள் தங்கும், நீங்கள் தனியாகப் போட்ட தொகுப்புகள் தங்காது. விளம்பரத் தடுப்பு, விபிஎன் எதுவானாலும் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, உயர்த்தியபின் மறுபடி போடுங்கள்.