யாரோ “திருத்திய” டார்கெட் ரைபிளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

இந்தப் பதிவு 10 மீட்டர் சுடும் பழைய ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு மட்டும், அதிலும் குழலை மடித்து பெல்லட் (சிறு ஈயக் குண்டு) போடும் வகைக்கு. வெடிமருந்துத் தோட்டா போடும் ரைபிளுக்கு இதில் உள்ள எதையும் செய்து பார்க்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். இலங்கையில் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916இலிருந்து இருக்கிறது. “ஏர் ரைபிள்தானே, ஒன்றும் தேவையில்லை” என்று விற்பவர் சொல்வதை நம்பாமல் பொலிஸ் நிலையத்தில் நேரே கேளுங்கள். காகிதம் சரியில்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

என்னிடம் வந்த ரைபிளில் நான்கு கைவேலைகள் இருந்தன. குழலின் நுனி வெட்டப்பட்டிருந்தது. ஸ்கோப் மாட்ட சிலிண்டரின் மேல் துளை போட்டிருந்தார்கள். ட்ரிகரின் உள்ளே அரம் போட்ட அடையாளம். ஸ்பிரிங்கும் ஒரிஜினல் இல்லை, அளவுக்கு மீறிய பலம். இப்படி ஒன்றைப் பார்த்ததும் பார்ட்ஸ் ஓடர் பண்ணத் தோன்றும். அதற்கு முன், முந்திய சொந்தக்காரர் ஒவ்வொன்றையும் ஏன் செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குறையை மூடப் போய் அடுத்த குறையை உண்டாக்கியிருப்பார். அந்தச் சங்கிலியைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு போனால் வேலை பாதியாகக் குறையும்.

என் ரைபிளின் கதை அநேகமாக இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். கொழும்பில் அது எண்ணெயாகவே இருக்கும். 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். நான் இருக்கும் நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகை அளவில்தான், காலையில் பிஸ்டனைச் சுற்றி மெழுகு மாதிரி நிற்கும். ஸ்பிரிங் தள்ள, சிலிண்டருக்குள் ஓடிக் காற்றை அமுக்குவது இந்தப் பிஸ்டன்தான், அந்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் மெதுவாகப் போகும். உடனே பலமான ஸ்பிரிங் போட்டிருக்கிறார். ஸ்பிரிங் பலமானதும் பிஸ்டனைப் பிடித்து நிற்கும் கொக்கியில் பாரம் ஏறி ட்ரிகர் கனத்திருக்கும். அதற்கு அரம். ஆக, எண்ணெயைத் துடைத்திருந்தாலே முடிந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் சோதனை ட்ரிகர். பெல்லட் போடும்போது குழல் மடிந்து திறந்திருக்கும், ஸ்பிரிங் அமுங்கியிருக்கும், விரல் குழலின் வாயருகே இருக்கும். அரம் போட்ட கொக்கி அந்த நேரத்தில் வழுக்கினால் குழல் படாரென்று மூடும். விரல் போகும். அதனால் பெல்லட் போட்டு மூடும் வரை மற்றக் கையால் குழலை இறுகப் பிடித்திருங்கள், எந்த ஸ்பிரிங் ரைபிளிலும் இது பழக்கமாக வேண்டும். மூடிய பிறகு, குண்டு தாங்கும் பெட்டியை நோக்கி வைத்துக்கொண்டு, ட்ரிகரைத் தொடாமல் ரைபிளின் மரக்கட்டையில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தானாகச் சுட்டால் அந்த ட்ரிகரை “இன்னும் கொஞ்சம் சரிபண்ணி” பாவிக்க முடியாது. கொக்கியின் மேல்தோல்தான் கடினப்படுத்தப்பட்டது. அரம் அதைத் தின்ற பிறகு கீழே இருப்பது மெத்து உலோகம், நாளுக்கு நாள் தேயும். புதுக் கொக்கி அல்லது முழு ட்ரிகர் செட் வாங்க வேண்டும். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் வேண்டாம். பிஸ்டனின் முன்னால் அதை மெத்தென்று தாங்குவது பெல்லட்டுக்குப் பின்னால் அடைபடும் காற்றுதான். அது இல்லையென்றால் பிஸ்டன் நேரே இரும்பில் மோதும்.

அடுத்தது ஸ்குரூக்கள். கட்டையைப் பிடித்திருக்கும் முன் ஸ்குரூ இரண்டும் ட்ரிகர் கார்ட் ஸ்குரூவும் தளர்ந்திருந்தால் வேறு எதைச் சோதித்தாலும் வீண். எங்கள் பக்கத்து ஈரத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், ஸ்குரூ தளரும். ஹார்ட்வெயார் கடையில் பத்துத் தலையோடு வரும் செட் எனக்குப் பிடிக்காது, நுனி மெத்து. நல்ல உருக்கு ஸ்குரூ டிரைவர் ஒன்றை வாங்கி, நுனியை ஸ்குரூவின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது ஸ்குரூவின் புரியில் ஒரு துளி நகப்பூச்சு போதும்.

இனி குழல்வாய். நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஸ்குரூ இறுக்கியும், பெல்லட் மாற்றியும், ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு டயோப்டர் (சிறு துளை வழியே பார்க்கும் பின் சைட்) போட்டும், அட்டையில் துளைகள் சிதறிக்கொண்டே இருந்தன. குழலை வாளால் அறுத்தால் நுனி நேராக இருக்காது, விளிம்பில் பிசிறு நிற்கும். பெல்லட்டின் பின்பாவாடை (பின்னால் விரிந்த விளிம்பு) குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருக்கும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பெல்லட் சரிந்து போகும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

கண்டுபிடிக்க இரண்டு வழி. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை வாயின் உள்விளிம்பில் சுற்றி வெளியே இழுங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் மாட்டும். இரண்டாவது, குழல்வாயைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் சுட்ட பிறகு முகப்பைப் பாருங்கள். ஈயமும் கிரீஸும் சேர்ந்த கறுப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் படிந்திருந்தால் பிழை வேறிடத்தில். ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்தால் வேலை இங்கேதான்.

வெட்டு சரிவாக இருந்தால் லேத் இல்லாமல் முடியாது. தேயிலை பெக்டரி வேர்க்ஷாப்பில் லேத் இருந்தால் அங்குள்ள ஃபிட்டரிடம் கேளுங்கள், குழலை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் முகப்பை நேராக்கித் தரச் சொல்லுங்கள். பிசிறு மட்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். உருண்டைத் தலையுள்ள பித்தளை ஸ்குரூ ஒன்று, தலை குழல் துளையைவிட அகலமாக இருக்க வேண்டும். துளை 4.5 மில்லிமீட்டர், தலை 8 அல்லது 9 இருக்கட்டும். எண்ணெயில் நனைத்த துணித் துண்டு ஒன்றை வாயிலிருந்து கொஞ்சம் உள்ளே அடையுங்கள். ஸ்குரூவைக் கை டிரில்லில் பிடித்து, தலையில் மெல்லிய வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, குழல்வாயில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். டிரில்லின் பின்பக்கத்தையும் வட்டமாக அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தேயும். மின்சார டிரில்லை விடக் கை டிரில்தான் இதற்கு நல்லது. அடிக்கடி துடைத்துப் பாருங்கள். சுற்றிவர ஒரே அகலத்தில் பளபளப்பான வளையம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அடைத்த துணியைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ளுங்கள். மாறித் தள்ளினால் பேஸ்ட் குழல் முழுக்கப் போய், பெல்லட்டைச் சுழற்றும் உள்வரிகளைத் தின்றுவிடும்.

குழல் குட்டையானதால் மடிக்கும்போது கை வலிக்கும், நெம்பும் நீளம் குறைந்துவிட்டதல்லவா. அதற்கு மருந்து கிடையாது. முன் சைட் இருந்த இடமும் போயிருக்கும், கவ்விப் பிடிக்கும் வகை ஒன்று தேட வேண்டும். டார்கெட் போட்டியில் ஸ்கோப் எடுபடாது.

ஸ்பிரிங்கைக் கழற்ற தச்சர்கள் பாவிக்கும் நீளமான கிளாம்ப் கட்டாயம் வேண்டும். சிலிண்டருக்குள் ஸ்பிரிங் ஏற்கனவே அமுங்கித்தான் இருக்கும், நீளமான ஸ்பிரிங் என்றால் இன்னும் மோசம். சிலிண்டரின் பின்பக்க அடைப்பைப் பிடித்திருப்பது ஒரு குறுக்குப் பின் (ஊசி). கிளாம்ப் இல்லாமல் அந்தப் பின்னைத் தட்டினால் அடைப்பு முகத்துக்கு வரும். மரத்துண்டு வைத்துக் கிளாம்பை இறுக்கி, பாரம் எடுத்த பிறகு பின்னைத் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கிளாம்ப் கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

வெளியே எடுத்த ஸ்பிரிங்கைக் கண்ணாடியில் உருட்டினால் வளைவு தெரியும். பிஸ்டனின் முன்னால் காற்றை அடைக்கும் சீல் பழுப்பாகக் கருகியிருந்தால் எண்ணெய் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். காற்று அமுங்கிச் சூடாகும்போது எண்ணெய் பற்றும், டீசல் எஞ்சின் இயங்குவதும் இப்படித்தான். சிலிண்டருக்குள் டார்ச் அடித்து ஸ்கோப் துளைகளைப் பாருங்கள். ஸ்குரூ நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுடலிலும் சீலைக் கீறும். ஸ்குரூவைக் குட்டையாக்கி உள்பிசிறை எடுங்கள். துளை சீல் ஓடும் தூரத்துக்குள் இருந்தால் சிலிண்டரே மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு ரைபிள் பார்க்கலாம்.

புது ஸ்பிரிங் ஒரிஜினல் அளவே இருக்கட்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. பிஸ்டனைத் தாங்கும் காற்றே இங்கே மெலிந்தது, பலமான ஸ்பிரிங் போட்டால் இன்னும் கடுமையாக மோதும். 10 மீட்டருக்கு வினாடிக்கு 170 மீட்டர் வேகம் தாராளம். பிஸ்டனின் பக்கவாட்டில் மட்டும் மொலிப்டினம் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். சீலின் முகத்தில் எதுவும் வேண்டாம்.

சுட்டுச் சோதிக்க லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு) பின்பக்கம் சரிவராது, பிள்ளைகளும் நாய்களும் எந்த நேரமும் வரும். தடித்த பலகைப் பெட்டியில் பழைய துணியை இறுக்கி அடைத்து, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரைபிளைக் கல்லிலோ மேசையிலோ நேரே வைத்துச் சுட்டால் துள்ளும். மடித்த சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அதில் தாங்குங்கள். ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் காசால் மறைக்க முடிந்தால் ரைபிளை விட்டுவிட்டு உங்கள் சுடும் முறையைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் என்ற ஜெர்மன் டார்கெட் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். அதற்கு இந்த முறை பொருந்தாது. அது பக்க நெம்புகோல் வகை, சுடும்போது முழு இயந்திரமும் கட்டையின் மேல் பின்னால் வழுக்கி அதிர்வை விழுங்கும். பிஸ்டனில் இருப்பது உலோக வளையம். அதன் ரப்பர்போன்ற பாகங்கள் வருடக்கணக்கில் மஞ்சள் பிசினாக உதிர்ந்துபோகும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்.

இன்னொருவர் துரு பற்றிக் கேட்டார். ஸ்பொஞ்சு வைத்த பெட்டியில் மூடி வைத்தால் மூடுபனியின் ஈரம் உள்ளேயே நிற்கும். தொட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள அலமாரியில் நிமிர்த்தி வைத்துப் பூட்டுங்கள்.