நாய் சொறிவது உண்ணியாலா, தவிப்பாலா?

பெங்களூரில் நாய் தவிப்பில் சொறிவதைப் பார்த்துப் பழக அல்சூர் ஏரிப் பக்கத்துத் தெருமுனைகளே போதும். காலை ஆறு மணிக்கு இரண்டு தெருநாய்க் கூட்டங்கள் எதிரெதிரே நிற்கும் இடமாகப் பாருங்கள். உறுமிக்கொண்டிருந்த நாய் திடீரென உட்கார்ந்து காதைச் சொறியும், இல்லையென்றால் தரையை மோந்து பார்க்கும். சண்டைக்கு நடுவில் அதற்கென்ன அவசரம்? பாய்வதா ஓடுவதா என்ற இழுபறியில் இரண்டுமே நடக்காமல், சம்பந்தமில்லாத மூன்றாவது ஒன்று வெளிப்படுகிறது. இதற்குப் பெயர் டிஸ்பிளேஸ்மென்ட். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டின்பர்கனும் கோர்ட்லாண்டும் 1940-இல் தனித்தனியே இதை விவரித்தார்கள். எல்லையில் எதிராளியைக் கண்ட ஸ்டிக்கில்பேக் மீன், சண்டையை விட்டுவிட்டு, கூடு கட்டப்போவதுபோல் தலைகீழாக மணலைத் தோண்டும்.

பதினைந்து மீட்டராவது தள்ளி, பக்கவாட்டாக நில்லுங்கள். நெருங்கினால் அதன் தவிப்புக்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். ஒரே நாயைப் பத்து நிமிடம் பாருங்கள். ஒவ்வொரு சொறிதலுக்கும் முந்தைய ஐந்து நொடியில் என்ன நடந்தது என்று குறியுங்கள். சொறிதலைவிட அதுதான் முக்கியம். பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு அதே நாய் தனியாகப் படுத்திருக்கும்போது இன்னொரு பத்து நிமிடம். அப்போதும் அதே அளவு சொறிந்தால் உண்ணியாக இருக்கலாம். உண்ணி அரிப்பு ஒரே இடத்தில் நீளும். தவிப்பில் வருவது பெரும்பாலும் சட்டென்று நின்றுவிடும், கண்ணும் எதிராளியை விட்டு அகலாது.

வீட்டு நாயிடம் கொட்டாவியும் உதடு நக்கலும் கவனிக்க வேண்டியவை. குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் முகத்தைத் திருப்பி மூக்கை நக்கினால் குழந்தையை மெதுவாக விலக்குங்கள். நாயைத் திட்டாதீர்கள், அறிகுறியை அடக்கப் பழகிய நாய், அடுத்த முறை நேராகக் கடிக்கக்கூடும். குரங்கிடம் கணக்கு வேறு: சொறிதல் பதற்றமாக இருக்கலாம், ஆனால் ஆண் குரங்கு உங்களைப் பார்த்துக் கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால் அது மிரட்டல். கையில் தின்பண்டம் இருந்தால் இன்னும் மோசம், பின்வாங்குங்கள்.

மனிதர்களும் இப்படித்தான். இன்டர்வியூ அறையில் பிடரியைத் தடவுவதும் பேனாவை டிக் டிக்கென்று அழுத்துவதும் மனசின் தவிப்பைக் காட்டலாம். அதை வைத்துப் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது வெறும் ஜோசியம்.

எந்த இழுபறியும் இல்லாமல் நாய் ஒரே காலை ரோமம் உதிரும்வரை நக்கிக்கொண்டே இருந்தால், நோட்டை மூடிவிட்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.