ஐரோப்பாவில் சம்பளத்துடன் முனைவர் பட்ட ஆய்வு இடம் தேடுவது எப்படி?

ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வு என்பது பெரும்பாலும் ஒரு வேலை. பல்கலைக்கழகம் குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்கு விளம்பரம் வெளியிட்டு, நேர்காணல் நடத்தி, ஒப்பந்தம் போட்டு, மாதச் சம்பளம் தருகிறது. எனவே முதலில் சேர்க்கை பெற்றுவிட்டுப் பிறகு உதவித்தொகை தேடலாம் என்று தொடங்குபவர்கள், எதிர்த்திசையில் நடந்து பல மாதங்களை இழக்கிறார்கள்.

விளம்பரங்கள் வெளியாகும் இடங்கள் சில. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூராக்செஸ் தளம் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது; நார்வேக்கு ஜாப்நோர்கே, நெதர்லாந்துக்கு அகாடெமிக் டிரான்ஸ்ஃபர். ஸ்வீடனுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் நேரடியாகப் பார்ப்பதே நல்லது. ஜெர்மன் விளம்பரங்களில் 'டி.வி.எல். 13, 65%' என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். அது ஊதியப் பிரிவையும், முழுநேரப் பணியில் எத்தனை விழுக்காட்டுக்குச் சம்பளம் என்பதையும் சொல்கிறது. நார்வேயில் பணிக்காலம் 3 ஆண்டுகள். 4 ஆண்டுகள் என்றிருந்தால், அதில் 25% கற்பித்தல் போன்ற துறைப்பணிக்கு உரியது.

மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி டாக்டோரல் நெட்வொர்க் இடங்களை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் முனைவர் பட்டத் திட்டங்களின் இடங்களை, தனியாகக் கவனிக்க வேண்டும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், பணி அமையும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ, படித்திருக்கவோ, வேலை செய்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் இப்போதுதான் இரண்டாண்டு முதுகலை முடித்த நம் மாணவர் அங்குள்ள இடத்துக்குத் தகுதி பெறமாட்டார். அதே நெட்வொர்க்கின் டச்சு இடத்துக்கோ பெல்ஜிய இடத்துக்கோ பெறுவார். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முதன்முறையாகச் செல்பவருக்கு இவ்விதி தடையே அல்ல என்பதால், தொடக்கத்திலேயே இவற்றைத் தேடுங்கள்.

பெரும்பாலான இடங்களுக்கு முதுகலைப் பட்டம் தேவை. பணி தொடங்கும் நாளுக்குள் முடித்தால் போதும் என்று விளம்பரமே சொல்வதும் உண்டு.

விண்ணப்பத்தின் உயிர் அதன் கடிதத்தில்தான் இருக்கிறது. ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புவதைவிட, ஐந்து விளம்பரங்களை வரி வரியாகப் படித்து எழுதுவது மேல் என்று உறுதியாக நம்புகிறேன். விளம்பரம் கேட்கும் ஒவ்வொரு திறனையும் தனித்தாளில் எழுதி, அதற்கு எதிரே நீங்கள் செய்த வேலையைக் குறியுங்கள். 'பைத்தான் தெரியும்' என்பதற்குப் பதில், எந்தத் தரவை எதற்காக, என்ன முறையில் ஆராய்ந்தீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஆய்வுக்குழுவின் அண்மைக் கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்வியைக் கடிதத்தில் வையுங்கள். பரிந்துரைக்க இசைந்த பேராசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லி, விளம்பரத்தையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்; சில பல்கலைக்கழகங்கள் அவர்களை நேரடியாகத் தொடர்புகொள்ளும்.

நேர்காணலில் முதுகலை ஆய்வைப் பத்து நிமிடங்களில் விளக்கச் சொல்வது வழக்கம் என்பதால், துறைக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவர் முன் அதைப் பேசிப் பாருங்கள். இடம் கிடைத்ததும், கையெழுத்திடும் முன், அதே நெறியாளரிடம் தற்போது ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரோடு பேச அனுமதி கேளுங்கள்: நெறியாளரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்க முடிகிறது, முன்னவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், ஒப்பந்தம் முடிந்தபின் ஆய்வு நீண்டால் சம்பளம் எங்கிருந்து வந்தது.